ஸெய்னுதீனுக்குப் பிரசவ வலி

ஸெய்னுதீனுக்குப் பிரசவ வலி வந்துவிட்டது.

தனஞ்சயன் பதிவை இன்னொருதரம் ஓடவிட்டான். திருகோணமலை அம்புலன்ஸ் அலுவலகத்தில் இருந்தவர்கள் எல்லாரும் தேத்தண்ணிக் கோப்பையோடு அவன் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

“நான் ஸெய்னுதீன் கதைக்கிறன்,” என்றது பதிவு, அச்சொட்டான பெண் குரலில். “கிண்ணியா, துறையடி வீதி, நாப்பத்தெட்டு. தண்ணிக்குடம் உடைஞ்சிட்டு! கெதியா வாங்க!”

தனஞ்சயன் அதை அப்படியே தன் வாயால் செய்து காட்டினான். முக்கினான், முனகினான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசையில் சாய்ந்தான். சிரித்ததில் ஒருவருக்குத் தேத்தண்ணி மூக்கில் ஏறிவிட்டது.

பழைய அழைப்புகளின் முகவரிகளைக் கணினியில் உள்ள வீதி வரைபடத்தோடு பொருத்துவது அவன் வேலை. சனங்கள் சொல்கிற முகவரி லேசில் பொருந்தாது. ‘பள்ளிக்குப் பின்னால, முருங்கை மரத்தடி.’ ‘முந்தி ஐஸ் பெக்டரி இருந்த இடம்.’ கணினி எல்லாவற்றுக்கும் சிவப்புக் காட்டும். துறையடி வீதி நாற்பத்தெட்டு மட்டும் எப்போதும் பச்சை.

அந்தப் பச்சைக்குள் இருந்த மனிசனுக்குத்தான் வராத நோய் வருத்தமில்லை. பாம்பு கடித்தது. தென்னையால் விழுந்தார். இடையில் ஒருநாள் நாலு வயதுப் பிள்ளையாகிக் காய்ச்சலில் வலிப்பும் வந்தது.

அம்புலன்ஸ் ஓட்டுகிற நௌபரைக் கேட்டபோது, “நோயாளி இருக்கிறாங்க சேர். ஒவ்வொருதரமும் வேற ஆள். வீட்டுக்காரர் எனக்குச் சப்பாத்தக் கழட்டச் சொல்லி ஏசுறதுதான் மிச்சம்,” என்றான்.

தனஞ்சயன் கையைத் தட்டினான். “கள்ள ஆஸ்பத்திரி மிஸ்! மனிசன் வீட்டில வைச்சு வைத்தியம் பார்க்குது. மோசமானாப் பிறகு எங்களுக்குப் போன் எடுக்குது!”

மேலதிகாரி நிரோஜினி யோசித்தாள். “சந்தேக முகவரி எண்டு போட்டால், பொலிஸ் போய்ப் பார்த்த பிறகுதான் அங்க வண்டி போகும். நேரில பார்த்திட்டு எனக்குச் சொல்லுங்கோ.”

தனஞ்சயன் பாட்டுப் பாடிக்கொண்டு கிண்ணியாப் பாலத்தைத் தாண்டினான்.

நாற்பத்தெட்டாம் வீட்டில், “செருப்பு!” என்ற சத்தம் முதலில் வந்தது. ஆள் பிறகு வந்தார். சாரம், பெனியன், கோபம்.

செருப்பைக் கழற்றிக்கொண்டே தனஞ்சயன் கேட்டான்: “பிள்ளை ஆணோ பெண்ணோ, ஐயா?”

“ஆண். தாயும் சுகம், அல்ஹம்துலில்லாஹ்.”

“பாம்பு கடிச்ச ஆள்?”

“அவன் இப்ப தோணிக்குப் போறான்.”

இவ்வளவு லேசாக ஒப்புக்கொள்வார் என்று தனஞ்சயன் நினைக்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தான். வெறும் ஹோல். அலுமாரி இல்லை, மேசை இல்லை.

“வந்த ஆளை இருத்த ஒரு கதிரைகூட இல்லையோ?”

“கதிரை போட்டா ஆக்கள் எப்படிப் போற?”

ஆக்கள்! தனஞ்சயனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. “நீங்கள் டொக்டருக்குப் படிச்சனீங்களோ?”

“நானா? மேசன் வேலை தம்பி. இந்தப் பின்கதவு கூட நான் சுவரை இடிச்சு வைச்சதுதான்.”

அந்தப் பின்கதவால் ஒரு பெண் ஓடி வந்தாள். ஓடி வந்த வேகத்திலும் படியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

“காக்கா!” என்று ஸெய்னுதீனை அண்ணன் முறையில் கூப்பிட்டாள். “மாமிக்கு மூச்சு இழுக்க ஏலாதாம்!”

“நீ வண்டிக்கு எடு சுஹைரா,” என்று சொல்லிவிட்டு ஸெய்னுதீன் பின்பக்கம் ஓடினார்.

சுஹைரா போனைக் காதில் வைத்தாள். “நான் ஸெய்னுதீன் கதைக்கிறன்…”

தனஞ்சயனுக்கு வாய் பிளந்தது. “ஏன் பிள்ளை அவர்ட பேரைச் சொல்றீங்கள்?”

அவள் போனைக் கையால் பொத்தினாள். “பின்னால எங்கட வீடுகளுக்கு வீதி இல்ல சேர். எங்கட அட்ரஸச் சொன்னா கம்ப்யூட்டர்ல இல்லண்டுறாங்க. காக்காட பேரும் அட்ரஸும் ஒண்டாச் சொன்னாத்தான் கம்ப்யூட்டர் நம்பும்.”

தனஞ்சயன் பின்கதவடிக்குப் போனான். களப்புக் கரையோரம் நெருக்கிக் கட்டிய சின்னச் சின்ன வீடுகள். வரைபடத்தில் அந்த இடம் வெறும் வெள்ளை.

அவனுடைய போன் அடித்தது. நிரோஜினி.

“தனஞ்சயன், உங்கட ஸெய்னுதீன் திரும்ப எடுக்கிறார். இந்தமுறை ஆஸ்மாவாம். சந்தேக முகவரி எண்டு போடட்டோ?”

நாலு பேர் ஒரு கிழவியைப் பிளாஸ்டிக் கதிரையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். முன்னால் வழிகாட்டிக்கொண்டு ஸெய்னுதீன். “கழட்டுங்கடா செருப்ப! மாமி, நீங்க கழட்ட வேணாம். உங்கட கால் நிலத்தில படல்ல.”

மூச்சு முட்டியிருந்த கிழவி அதற்குள்ளும் சிரித்தாள்.

“வேண்டாம் மிஸ்!” என்று தனஞ்சயன் கத்தினான். “வண்டியை அனுப்புங்கோ! கெதியா!”

கத்திக்கொண்டே கதிரையின் ஒரு காலைப் பிடித்தான்.

பின்னேரம் நிரோஜினி அவன் திரையைப் பார்த்துத் தலையில் கைவைத்தாள். “வரைபடத்தில என்ன கீறி வைச்சிருக்கிறீங்கள்? இந்த வீதி ஒரு வீட்டு ஹோலுக்குள்ளால போகுதே!”

“சரிதான் மிஸ்,” என்றான் தனஞ்சயன். “கீழ குறிப்பும் போட்டிருக்கு.”

அவள் குனிந்து வாசித்தாள்.

‘எந்நேரமும் திறந்திருக்கும். செருப்பைக் கழற்றவும்.’