பத்தடிக் கதவு

"உள்ளே போ ஹார்லன். நான் சொல்ற வரைக்கும் வெளிய வரக்கூடாது."

ஆர்டிஸ் கதவின் விளிம்பில் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். வெளிச்சம் ஒரு முழமாகி, ஒரு சாணாகி, ஒரு விரலாகிக் குறைந்தது. மாட்டுக் கொட்டகையின் இருட்டில் ஹார்லன் தனியாக நின்றார்.

"வெளிச்சம் எங்கயாவது தெரியுதா?" வெளியிலிருந்து அவள் குரல்.

"கீழே ரெண்டு விரக்கடைக்குத் தெரியுது."

"ஜனவரிக் காத்து மாட்டு மடியில அடிக்குமே. கட்டை வச்சு அடைச்சிடு."

"சரி."

முப்பத்துநாலு வருஷமாக அவர் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான். அமெரிக்காவின் விஸ்கான்சினில் இந்தப் பண்ணை ஆர்டிஸின் அப்பாவுடையது. ஹார்லன் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர்.

நாற்பத்திரண்டு மாடுகள். விடிகாலை ஐந்துக்கு ஒரு கறவை, சாயங்காலம் ஐந்துக்கு ஒரு கறவை. கிறிஸ்துமஸ் என்றும் கிடையாது, காய்ச்சல் என்றும் கிடையாது. ஒருத்தர் ஊருக்குப் போனால் மற்றவரால் தனியாகச் சமாளிக்க முடியாது. சியாட்டிலில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று வருஷமாகிறது. பேத்திக்குத் தாத்தாவைப் போட்டோவில்தான் தெரியும்.

'விட்டுடலாம் ஆர்டிஸ்' என்று எத்தனையோ முறை நாக்கு நுனிவரை வந்திருக்கிறது. ஒவ்வொரு மாட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவள் கழுத்தைத் தடவுவதைப் பார்த்ததும் விழுங்கிவிடுவார். அவளுக்குச் சந்தேகம் வரக்கூடாதென்று, தினமும் அவள் எழுந்திருக்கும் முன்பே பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஏப்ரல் புயல் பழைய கதவுகளைப் பிய்த்து வயலில் எறிந்தபோது, 'இதோடு விட்டுடலாமோ' என்று அவருக்குள் ஒரு சின்ன ஆசை எட்டிப் பார்த்தது. மறுநாள் காலையிலேயே ஆர்டிஸ் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "வா, கதவு பார்க்கப் போவோம்."

மரக்கடைக்காரர் விவரமாகச் சொன்னார். "கீல் வச்ச கதவுன்னா சுலபமா செஞ்சுடலாம். ஆனா பனி கொட்டினா தினமும் அள்ளிப் போட்டாத்தான் திறக்கும். மேல தண்டவாளத்துல ஓடற தள்ளுகதவுன்னா சுண்டுவிரலால நகர்த்தலாம்."

"உனக்கு எது பிடிச்சிருக்கு?" ஆர்டிஸ் கேட்டாள்.

"உனக்கு எதுவோ அதான்."

"பனி அள்ளினா உன் முதுகு போயிடும். தள்ளுகதவே இருக்கட்டும்."

"நல்ல முடிவும்மா!" என்றார் கடைக்காரர். "நாப்பது வருஷத்துக்கு அசையாது."

ஆர்டிஸ் கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டிக்கொண்டாள்.

மூன்று வாரம் ஹார்லன் அந்தக் கதவைச் செய்தார். பைன் பலகைகளை இழைத்து, வரிசையாக அடுக்கி, தொங்கிப் போகாமலிருக்க மூலைக்கு மூலை சட்டம் கொடுத்தார். அவருக்கு வயது அறுபத்தொன்று. ஒவ்வொரு திருகாணியை முடுக்கும்போதும் 'நாப்பது வருஷம்' என்ற சொல் கூடவே இறங்கியது. இன்று காலை பக்கத்துப் பண்ணைக்காரரின் டிராக்டரை வைத்துத் தூக்கி, தண்டவாளத்தில் மாட்டியாகிவிட்டது.

"இன்னும் கொஞ்சம் தள்ளு," என்றார் உள்ளேயிருந்து. "ஓரத்துல இடுக்கு இருக்கு."

ஆர்டிஸ் முழு பலத்தையும் போட்டுத் தள்ளினாள். தலைக்குமேல் 'டணார்' என்றது. கதவைத் தாங்கிய முன்பக்க உருளை தண்டவாளத்தின் முனையைத் தாண்டிவிட்டது. கதவின் மூலை சரிந்து ஈரமண்ணில் குத்திக்கொண்டு நின்றது. முனையில் தடுப்புக் கட்டை அடிக்க மறந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

இழுத்தார். அசையவில்லை. பக்கத்துச் சின்ன வாசலையும் புயலுக்குப் பிறகு அவரே பலகை அடித்து மூடியிருந்தார்.

"இரு, கடப்பாரை எடுத்துட்டு வரேன்," என்று ஓடினாள். திரும்பி வந்து நெம்பினாள். "அஞ்சு மணியாகப் போகுது. மாடெல்லாம் வேலிக்கு வந்துடுச்சு பாரு."

நாற்பத்திரண்டு மாடுகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தத் தொடங்கின. ஹார்லன் இழுப்பதை நிறுத்தினார். இந்த இருட்டும், இந்தச் சாணி வாடையும், இந்தக் கத்தலும்... இன்னும் நாற்பது வருஷம்.

"ஆர்டிஸ், கடப்பாரையைக் கீழ வை."

"ஏன், அடிபட்டுடுச்சா?"

"இல்ல. உன் முகத்தைப் பார்த்தா எனக்குச் சொல்ல வராது. கதவு மூடியிருக்கறப்பவே சொல்லிடறேன்." பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டார். "எனக்கு இந்த மாட்டுப் பொழப்பு பிடிக்கல. என்னிக்குமே பிடிச்சதில்ல. உங்கப்பா விட்டுட்டுப் போனது, உனக்கு உசிரு, அதனாலதான் வாயைத் திறக்கல. இன்னொரு பனிக்காலம் என்னால முடியாது ஆர்டிஸ்."

வெளியே கடப்பாரை விழுந்த சத்தம்.

"ஆர்டிஸ்?"

மாடுகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. அவள் கதவோடு சரிந்து தரையில் உட்காருவது பலகை வழியே கேட்டது. அவள் தோள் குலுங்கக் குலுங்கக் கதவும் அதிர்ந்தது.

அழுகிறாள். இத்தனை வருஷம் கட்டிக் காத்ததை ஒரு நிமிஷத்தில் உடைத்துவிட்டேன். ஹார்லன் பதறிப்போய்க் கதவைத் தட்டினார். "நான் சொன்னதை மறந்துடு. ஏதோ உளறிட்டேன். கறக்கலாம், வா."

குலுங்கல் மெல்ல நின்றது. சிரிப்பும் அழுகையும் கலந்த குரல் வெளியிலிருந்து வந்தது.

"அடப்பாவி மனுஷா, உனக்கு உசிருன்னு நெனச்சுத்தானே நானும் இத்தனை வருஷம் கறந்தேன்!"