மைத்துனர் படுத்த இடம்

இரண்டு நாள் தங்குவதாகச் சொல்லி வந்த என் மைத்துனர், குளிர்காலம் முடிகிறவரை கிளம்பவில்லை. காரணம், எங்கள் கூடத்துத் தரை. ஜன்னலோரம் ஒரே ஒரு டைல் மட்டும் இதமாகச் சுடும். ஈரச் சட்டையை அதன்மேல் விரித்தால் இஸ்திரி போட்டதுபோல் காய்ந்துவிடும். நான் பொய் சொல்வதில்லை. மடிப்புகூட தானாகவே விழும்.

அந்த இடத்துக்காகப் பூனை தினமும் சண்டை போட்டது. மைத்துனர்தான் ஜெயித்தார்.

"இடுப்பு வலி பறந்து போச்சு மாமா! இந்த இடத்துக்கு ஏதோ ராசி இருக்கு."

"ராசியாவது மண்ணாவது! கருகின வாடை வருதுடா," என்றாள் என் மனைவி. "ஏங்க, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க."

"எனக்குத் தெரியாததா அக்கா? சும்மா இரு," என்று மைத்துனர் புரண்டு படுத்தார்.

நான் கூப்பிட்டேன். எலக்ட்ரீஷியன் வந்து மெயினை அணைத்தார், மைத்துனரை ஓரமாக உருட்டிவிட்டார், டைலைப் பெயர்த்தார். உள்ளே ஒயர் கரிக்கட்டையாக இருந்தது.

"பைப்புகூட போடாம அப்படியே புதைச்சிருக்காங்க. ஜாயின்ட் தளர்ந்து கொதிக்குது. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா சார் வறுபட்டிருப்பாரு!"

மைத்துனர் அவசரமாக எழுந்து சுவரோரம் போய் உட்கார்ந்தார்.

"வீடு கட்டினப்போ இதைப் பார்த்து எந்தப் புண்ணியவான் சரின்னு சொன்னது?" என்று கேட்டார் எலக்ட்ரீஷியன்.

என் மனைவி தம்பியைப் பார்த்தாள். தம்பி பூனையைப் பார்த்தார்.

"நான்தான்," என்றார், வீட்டு ஒயரிங்கைச் சோதித்துச் சான்று தரும் அதிகாரியான என் மைத்துனர். "தரைக்கு அடியில எப்படிப் பார்க்கறது? மேல நின்னு பார்த்தேன். காலுக்கு இதமா இருந்துச்சு."