டோரிஸ் வைக்கும் பரீட்சை

மலேசியாவின் கிள்ளானில் எங்கள் கேக் கடையின் கண்ணாடி மேசைமேல் இரண்டு கார்டு மெஷின்கள், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகள்போல, அடக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு கம்பெனிகள் இலவசமாகப் பழகிப் பார்க்கச் சொல்லித் தந்தவை. எதற்குக் கமிஷன் குறைவு என்று நான் தட்டிக்கொண்டிருந்த கால்குலேட்டரை என் மனைவி டோரிஸ் பிடுங்கி வைத்திருக்கிறாள். போன கிறிஸ்மஸுக்கு முதல் நாள் பழைய மெஷின் செத்துப்போனது. அந்தக் கம்பெனியில் யாரும் போனை எடுக்கவில்லை. கார்டை மட்டும் நம்பி வந்த வாடிக்கையாளர்கள், பெயர் எழுதிய கேக்குகளை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். இந்த வருஷமும் அப்படியென்றால் கடையை மூட வேண்டியதுதான். "கமிஷன் கிடக்கட்டும் லா. எவன் முதல்ல போன் எடுக்கிறானோ, அவன் மெஷின்தான்," என்கிறாள். இரண்டு கம்பெனிக்கும் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருக்கிறோம். காத்திருக்கச் சொல்லி இரண்டிலும் இசை, ஒன்றின்மேல் ஒன்று ஏறி மிதிக்கிறது. எங்கள் கல்யாணத்தில்கூட இவ்வளவு நேரம் பாண்டு வாசிக்கவில்லை. சாயங்கால வெயில் கிரீம் ரோஜாக்களைத் தொடுகிறது. டோரிஸின் விரல்களில் ஐசிங் காய்ந்து வெடித்திருக்கிறது. நான் ஏதோ ஜோக் சொல்ல வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கேக் பெட்டிகளை அடுக்க ஆரம்பிக்கிறேன். சட்டென்று ஒரு போனில் இசை நிற்கிறது. "ஹலோ, டோரிஸ் ஆன்டியா? சொல்லுங்க," என்கிறது, நம்பரை வைத்தே பெயரைக் கண்டுபிடித்த ஒரு பெண்குரல். டோரிஸ் போனை இரண்டு கையாலும் ஏந்துகிறாள். "கிறிஸ்மஸுக்கு முதல் நாளும் நீ இருப்பியாம்மா?" அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம். "கேட்டுச் சொல்றேன் ஆன்டி, லைன்ல இருங்க." மறுபடியும் இசை. டோரிஸ் லைனில் இருக்கிறாள்.