வயது வரம்பு

"நாப்பத்தஞ்சு தாண்டினா மனுஷன் செத்தா போயிடறான், மேடம்?"

பயிற்சி கொடுக்க வந்த பெண் கையிலிருந்த ஸ்பேனரை மேஜையில் வைத்தாள். வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து தினமும் இதே பாட்டுத்தான். கேட்பவரும் அதே முன்வரிசைக்காரர்தான். மற்றவர்கள் எல்லோரும் வெளுத்துப்போன நீலச் சட்டையில் வர, அவர் மட்டும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்து உட்காருவார்.

நிலக்கரி மின் நிலையத்தை மூடிவிட்டார்கள். அதன் கேன்டீன்தான் இப்போது வகுப்பறை. வேலை இழந்தவர்களுக்குக் கூரை மேல் சோலார் பேனல் பொருத்தக் கற்றுக்கொடுக்க வெளியூரிலிருந்து அவளை அனுப்பியிருந்தார்கள்.

"சார், இன்னிக்காவது இந்த கிளாம்பை மாட்டிப் பார்த்துடலாமே."

"மாட்டறேன். மாட்டி என்ன பிரயோஜனம்? எனக்கு நாப்பத்தாறு. பயிற்சி எல்லாருக்கும் உண்டாம், நிரந்தர வேலை மட்டும் நாப்பத்தஞ்சுக்குள்ள இருக்கறவங்களுக்காம். எங்களுக்குத் தினக்கூலி. புகை வேண்டாம், காத்து சுத்தமாகணும், எல்லாம் சரிதான். அந்தச் சுத்தமான காத்தை நாங்க தெருவுல நின்னுதான் சுவாசிக்கணுமா?"

அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. அவர் கேட்டதில் தப்பு இல்லை என்பதுதான் எரிச்சலை இன்னும் கூட்டியது.

"நான் ஸ்குரூ முடுக்கச் சொல்லித்தர வந்தவ, சார். விதி போட்டவங்களைப் போய்க் கேளுங்க."

அவர் சட்டென்று குனிந்து கிளாம்பை எடுத்தார்.

அவள் மற்றவர்களைப் பார்த்தாள். பாதிப் பேர் தலை நரைத்தவர்கள். கிரேன் ஓட்டியவர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய்லர்காரர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் பேச மாட்டீங்களா? அவர் ஒருத்தரே தொண்டை கிழியக் கத்திட்டிருக்கார். உங்க பிழைப்பும்தானே இது?"

பாய்லர்காரர் தொண்டையைச் செருமினார். மறுபடியும் விட்டத்தைப் பார்த்தார்.

இதற்கு மேல் அவளுக்குப் பொறுக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய், தன்னை அனுப்பிய சோலார் நிறுவன மேலாளரை அழைத்தாள்.

"அந்த வயசு வரம்பை எடுங்க, சார். கொதிக்கற பாய்லர் பக்கத்துல நின்னு வேலை பார்த்தவங்களுக்கு வெயில்ல நிக்கத் தெம்பு இருக்காதா?"

"அது நாம போட்டது இல்லம்மா. மின் நிலையத்துலேருந்து கொடுத்தாங்க, நாம ஒத்துக்கிட்டோம்."

"அப்ப நாமளே மாத்தலாம். ஏறத் தெரியுதா, இறங்கத் தெரியுதான்னு கூரையில ஏத்திப் பாருங்க. முடிஞ்சவங்களுக்கு வேலை கொடுங்க. இல்லேன்னா நாளைக்கு வகுப்புக்கு வேற ஆளைப் பார்த்துக்குங்க."

மறுமுனையில் பெருமூச்சு. முணுமுணுப்பு. யாரிடமோ பேச்சு. அவள் சுவரில் சாய்ந்து பல்லைக் கடித்தபடி காத்திருந்தாள். இந்த வேலை போனால் அவளுக்கும் வேறு வேலை தயாராக இல்லை.

"சரிம்மா. பேசிட்டேன். கூரைத் தேர்வே வெச்சுக்கலாம். இனி யாருக்கும் வயசு பார்க்க மாட்டாங்க."

அவள் உள்ளே வந்து செய்தியைச் சொன்னாள். பாய்லர்காரர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்து நின்று, "நியாயம் ஜெயிச்சிடுச்சு, மேடம்!" என்று கைகூப்பினார். வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று போனோடு வெளியே ஓடினார்.

அவர் முதுகை எல்லோரும் பார்த்தார்கள். ஒருவர்கூடக் கை தட்டவில்லை.

அவளுக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன மனுஷங்க நீங்க! இத்தனை நாளா உங்களுக்காகவும்தானே அவர் சண்டை போட்டார்? ஒரு நல்ல வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

பாய்லர்காரர் எழுந்து அவள் அருகே வந்தார். குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

"உங்களுக்கு ரொம்ப நன்றிம்மா. ஆனா ரெண்டு வருஷம் முன்னாடி, நிலையத்தை மூடற திட்டம் வந்தப்ப, நாங்க எல்லாரும் நிர்வாகி ரூம் வாசல்ல நின்னு, இவர் கேட்ட அதே கேள்வியைக் கேட்டோம். 'நாப்பத்தஞ்சுக்கு மேல கூரையில ஏறினா காலு நடுங்கும், வீணா ஏன் அடம் பிடிக்கறீங்க'ன்னு சொல்லி, அந்த வரம்பைப் போட்டுக் கொடுத்த நிர்வாகியே இவர்தாம்மா."

அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப அவருக்கு நாப்பத்தி நாலு வயசு."