நூற்றுப் பதினேழாம் கடிதம்

"நூத்திப் பதினாறு இருக்கு. நூத்திப் பதினெட்டு இருக்கு. நடுவுல உள்ளது எங்கே? கால் முளைச்சு நடந்து போயிடுச்சா?"

ஆவணக் காப்பகத்தின் தலைமை அம்மாள் போட்ட சத்தத்தில், ஸ்கேன் அறையில் நாலு மெஷினும் நின்றுவிட்டன.

ஓரமாக நின்றிருந்த ஆய்வு மாணவிக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. புகார் கொடுத்தவளே அவள்தான்.

மூடிப்போன மனநல மருத்துவமனைகளிலிருந்து லாரியில் அள்ளிக்கொண்டு வந்த பெட்டிகள் அவை. எது எந்த ஊர்ப் பெட்டி என்றுகூட யாருக்கும் தெரியாது. உள்ளே, நோயாளிகள் வீட்டுக்கு எழுதிப் போட்டுத் திரும்பி வந்த கடிதங்கள். குணமான பிறகும் இவர்கள் ஏன் வீடு போய்ச் சேரவில்லை என்பதுதான் அவள் ஆய்வு. மூன்று வருஷமாக மண்டையை உடைத்துக்கொள்கிறாள். ஒவ்வொரு கடிதமும் கம்ப்யூட்டரில் ஏறினால்தான் அவள் ஆய்வு ஏறும்.

எதிரே தலையைத் தொங்கப்போட்டு நின்றவருக்கு ஐம்பது வயது இருக்கும். ஆபீசில் 'ஆமை' என்றுதான் பெயர். மற்றவர்கள் நானூறு பக்கம் ஸ்கேன் செய்து முடிக்கிற நேரத்தில் இவர் நூறு முடித்தால் அதிசயம். எட்டு வருஷமாகத் தற்காலிக வேலை. அடுத்த மாதம் நிரந்தரம் ஆகவேண்டும். அதற்கான ஃபைல் அம்மாள் மேஜையில்தான் இருந்தது.

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா? சொல்லுங்க!"

ஆமை சட்டைப்பைக்குள் கைவிட்டு, மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"அடப்பாவி!" என்றது அறை.

"கவர் எங்கே?"

"காணாமப் போச்சு மேடம்."

"கவர் இல்லாம கடுதாசிய வெச்சு நாக்கு வழிக்கவா? யாருக்கு, எப்பன்னு எப்படித் தெரியும்?" அம்மாள் மாணவி பக்கம் திரும்பினார். "நீயே படிம்மா. சத்தமாப் படி. சார் எதை ஒளிச்சு வெச்சிருந்தார்னு எல்லாரும் கேக்கட்டும்."

ஆமை அப்போதுதான் நிமிர்ந்தார். "வேணாம் மேடம். நீங்க தனியா படிச்சுக்குங்க. கையெடுத்துக் கும்பிடறேன்."

"இங்க தனியாப் படிக்க ஒண்ணும் கிடையாது. வரலாறு எல்லாருக்கும் பொது. படிம்மா!"

மாணவி படித்தாள்.

"தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது. அப்பா காலமாகிவிட்டார் என்று இன்றைக்குத்தான் சொன்னார்கள். அவர் இருந்தவரை உன்னால் ஒன்றும் செய்ய முடியாது, எனக்குத் தெரியும். எனக்குக் குணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது மருந்துகூடக் கிடையாது. வீட்டு ஆள் ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டால் அனுப்பிவிடுவோம் என்கிறார் டாக்டர். இனிமேல் எனக்கு நீ ஒருத்திதான். உன் கல்யாணத்துக்கு இடைஞ்சல் என்றால் நான் வீட்டுப் பக்கமே வரமாட்டேன், சத்தியம். வேறு ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள்கிறேன். கையெழுத்து மட்டும் போடு. முப்பத்தொன்றாம் நம்பர் கட்டில் என்று கேள், காட்டுவார்கள்..."

மாணவி தாளை மடித்தாள்.

"இந்தக் கட்டில் நம்பரை இதே பெட்டியில இருந்த பதிவேட்டுல பாத்திருக்கேன் மேடம். யாரும் வரல. குணமாச்சுன்னு எழுதி பத்தொம்பது வருஷம் கழிச்சு அந்தக் கட்டில்லயே செத்துப் போயிருக்கார்."

அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். மறுபடி பேசியபோது குரல் முன்னைவிட உரக்க வந்தது.

"எந்த மகராசியோ! கூடப் பொறந்தவனுக்கு ஒரு கையெழுத்துப் போட அவளுக்குக் கை வரலியா? அவள்லாம் ஒரு மனுஷியா?" ஆமையிடம் திரும்பினார். "இப்பேர்ப்பட்ட கடுதாசிய ஒளிக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது? நாளையிலேர்ந்து நீங்க வரவேண்டாம்."

ஆமை தன் இடத்துக்குப் போனார். மெஷின் கண்ணாடியைத் துடைத்து, உறை போட்டு மூடினார். சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

மாணவி பின்னாலேயே ஓடினாள். ஒரு மனிதரின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்ற பதைப்பு ஒரு பக்கம். உண்மையைச் சொல்வதென்றால், கவர் கிடைத்தால் ஒரு அத்தியாயம் முடியுமே என்ற ஆசை இன்னொரு பக்கம்.

பஸ் நிறுத்தத்தில் பிடித்துவிட்டாள்.

"மன்னிச்சுடுங்க சார். இவ்வளவு தூரம் போகும்னு நான் நினைக்கல. கவர் தொலையல இல்ல? உங்ககிட்டதான இருக்கு?"

"இருக்கும்மா."

"அத மேடம்கிட்ட குடுத்துட்டா வேலை திரும்பக் கிடைச்சுடும் சார். நான் வந்து பேசறேன்."

"குடுக்கறதா இருந்தா அங்கயே குடுத்திருப்பேனே."

பஸ் வந்தது. ஏறப் போனவர் என்ன நினைத்தாரோ, பையிலிருந்து பழுத்துப்போன ஒரு கவரை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"நீ படிச்ச பொண்ணு. கம்ப்யூட்டர்ல ஏத்தறதா வேணாமான்னு நீயே முடிவு பண்ணு. உலகமே பாக்கும்னு நினைச்சப்போ எனக்கு மனசு வரல."

பஸ் போய்விட்டது. மாணவி கவரைத் திருப்பினாள். பெறுநர் இடத்தில், அவளுடைய அனுமதிச் சீட்டில் தினமும் கையெழுத்துப் போடுகிற தலைமை அம்மாளின் பெயர். அதைக் குறுக்கே அடித்துவிட்டு, அதே அம்மாளின் சாய்ந்த எழுத்தில் எழுதியிருந்தது:

"எனக்கு அண்ணன் யாரும் இல்லை. இனிமேல் அனுப்ப வேண்டாம்."