இடது கை

வந்தவள் லேப்டாப் வாங்க வந்தாளா, முகம் பார்க்கும் கண்ணாடி வாங்க வந்தாளா என்று அம்போன்சாவுக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

நாலு லேப்டாப்பைத் திறந்து காட்டியாயிற்று. எதைத் திறந்தாலும் அந்தப் பெண் முதலில் தேடுவது கேமராவை. அதைப் போட்டுவிட்டுத் திரையில் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

கானா நாட்டின் குமாசி நகரக் கடைத்தெருவில் இருபது வருஷமாக வெளிநாட்டுப் பழைய லேப்டாப் விற்கிறவர் அம்போன்சா. இந்த மாதிரிப் பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. வேறு யாராவது என்றால் கேட்டதைக் கட்டிக் கொடுத்து அனுப்பியிருப்பார். ஆனால் செர்வா என்ற இந்தப் பெண் கையோடு ஒரு கடிதம் கொண்டுவந்திருந்தாள். அவள் அப்பா எழுதியது.

'ஐயா, மகள் தூரத்துத் தமாலே ஊரில் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறாள். பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம். படிப்புக்கு ஆகுமா என்று மட்டும் நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். மத்தியானம் நானும் அவள் அம்மாவும் வந்து பணம் தருகிறோம்.'

முன்பின் தெரியாத மனுஷன் இத்தனை நம்பி எழுதியிருக்கிறார். அவர் காசு வீணாகக் கூடாது என்று அம்போன்சா அப்போதே முடிவு கட்டிவிட்டார்.

கறுப்பு லேப்டாப் ஒன்றை முன்னால் தள்ளினார். "இதை எடுத்துக்கோம்மா. உன் படிப்புக்கு வேண்டியது எல்லாம் இதுல ஓடும். நாலு வருஷத்துக்கு அசையாது."

செர்வா கேமராவைப் போட்டுப் பார்த்தாள். "மங்கலா இருக்கு, மாமா."

"படிக்கிறதுக்குக் கேமரா எதுக்கு?"

அவள் லேசாகச் சிரித்துவிட்டு அடுத்ததைக் கேட்டாள்.

ஆடிப் பாடி வீடியோ போடுகிற கூட்டம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். சரி, சவுண்டாவது கேட்கட்டும் என்று ஒரு பாட்டைப் போட்டார். சவுண்டு எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்றாள் அவள். இது என்னடா புதுசாக இருக்கிறது என்று அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

கடைசியாக ஒரு வெள்ளி நிற லேப்டாப். அதைத் தூக்கிக்கொண்டு கடையின் இருட்டு மூலைக்கே போய்விட்டாள். மேஜை மேல் வைத்து, கேமரா முன்னால் இரண்டு கையையும் உயர்த்தி விரல்களை வேகவேகமாக ஆட்டினாள். மேஜைக்கு அந்தப் பக்கம் அம்போன்சா நின்றிருந்தார். அவள் இடது கை அவர் மூக்குக்கு நேரே ஆடியது.

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. இடது கையால் நீட்டிய காசைத் தொடாமல் ஆளையே திருப்பி அனுப்பியவர் அவர். பெரியவர்கள் முன்னால் அந்தக் கையை நீட்டக் கூடாது என்று குழந்தை நடக்கும் முன்பே சொல்லிக்கொடுக்கிற ஊர் அது. மூஞ்சிக்கு நேரே ஆட்டினால் வைததற்குச் சமம்.

"இடது கையைக் கீழே போடு. உன்னை இப்படித்தான் வளர்த்தாங்களா?"

செர்வாவின் முகம் சுண்டிப்போயிற்று. கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, மன்னித்துவிடுங்கள் என்றாள். ஆனாலும் இந்த லேப்டாப்தான் வேண்டும் என்றாள்.

அது மந்தமானது, படிப்புக்கு ஆகாது என்று அவர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். அப்பாவுக்குப் போன் போடு, நானே பேசுகிறேன் என்றார்.

"அப்பா போன்ல பேசமாட்டார், மாமா."

நல்ல கதையாக இருக்கிறதே என்று நினைத்தார். "சரி, நேர்லயே வரட்டும். அவங்க உழைச்ச காசுல நீ என்ன கூத்தடிக்கப் போறேன்னு நானே சொல்றேன்."

அவள் கண் கலங்கிவிட்டது.

மத்தியானம் அவர்கள் வந்தார்கள். சட்டையெல்லாம் மரத்தூளோடு தச்சுப் பட்டறையிலிருந்து நேராக வந்த அப்பா. தேவாலயத்துக்குப் போவதுபோல நல்ல துணி உடுத்திய அம்மா. அம்போன்சா தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்க பொண்ணு என்ன பண்ணினா தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

இரண்டு பேரும் அவரைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார்கள்.

செர்வா இரண்டு கையையும் உயர்த்தினாள். விரல்கள் பேசின. அம்மாவின் கைகள் பதில் சொன்னன. அப்பாவின் கைகள் நடுவில் புகுந்து ஏதோ கேலி செய்தன, மூன்று பேரும் சிரித்தார்கள். சத்தமே இல்லை.

அம்போன்சா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அவங்களுக்குக் காது கேட்காதுன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா ஐயோ பாவம்னு விலையைக் குறைப்பாங்க, மாமா. அப்பாவுக்கு அது பிடிக்காது."

"அங்கேருந்து இவங்களோட பேசத்தான் கேமராவா? போன்லயே முகம் பார்த்துப் பேசலாமே?"

"போனைப் பிடிச்சா ஒரு கைதான் மிஞ்சும். பாதிப் பேச்சு போயிடும்."

அப்பா அந்த வெள்ளி நிற லேப்டாப்பைத் தொட்டுக் காட்டி, அம்போன்சாவைப் பார்த்து ஏதோ கேட்டார். செர்வா அதை வாயால் சொன்னாள். "படிப்புக்கு இது ஆகுமான்னு உங்களைக் கேட்கச் சொல்றார்."

அம்போன்சா கறுப்பு லேப்டாப்பைக் கழற்றினார். அதிலிருந்த மெமரியை எடுத்து இதில் பொருத்தினார். அவள் படிப்புக்கு வேண்டியதைப் போட்டு ஓடவிட்டுப் பார்த்தார். ஓடியது.

"இப்போ ஆகும்னு சொல்லு."

மெமரிக்கும் சேர்த்தே விலை சொன்னார். ஒரு பெசேவா சில்லறைகூடக் குறைக்கவில்லை. அப்பா நிமிர்ந்து நின்று பணத்தைக் கொடுத்தார்.

கிளம்பும்போது அம்போன்சா அவளைக் கூப்பிட்டார். "உன்னை நல்லா வளர்த்திருக்காங்கன்னு அவங்ககிட்ட சொல்லணும்."

"நான் சொல்லிடறேன், மாமா."

"வேண்டாம். தப்பாப் பேசினது நான். எப்படிச் சொல்றதுன்னு காட்டு, நானே சொல்றேன்."

அவள் செய்து காட்டினாள். பாதியில் நிறுத்தி, தயக்கத்தோடு அவர் முகத்தைப் பார்த்தாள். "இதுக்கு ரெண்டு கையும் வேணும், மாமா."

அம்போன்சா அவள் அம்மா முகத்துக்கு நேரே இடது கையையும் தூக்கினார்.