கொண்டாடாத கோல்

"கோல் அடிச்சவன் இப்படியாடா எழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருப்ப?"

ஈர பூட்ஸை உதறியபடியே கேட்டார் அணித்தலைவர் ஸெனோவி. உடைமாற்றும் அறை பெஞ்சில் லுக்யான் குனிந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் குளிக்கப் போய்விட்டார்கள்.

சீசனின் கடைசி ஆட்டம். நடுவில் வான் தாக்குதல் சைரன் ஊதி, இரண்டு அணியும் பதுங்கறையில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்துவிட்டு வந்து ஆடியது. கடைசி நிமிடத்தில் லுக்யான் அடித்ததுதான் ஒரே கோல். சமன் செய்திருந்தால் தப்பித்திருக்கும் எதிரணி ஸ்டெபோவெ, அதனால் பிரீமியர் லீக்கிலிருந்தே கீழ் லீக்குக்கு இறங்கிவிட்டது. அடித்தவனோ கொண்டாடவில்லை. இரண்டு கைகளையும் உயர்த்திவிட்டுத் தலைகுனிந்து நடந்தான். பழைய கிளப்புக்கு எதிராகக் கோல் போட்டால் ஆட்டக்காரர்கள் காட்டுகிற மரியாதை அது.

"நீ எப்படா ஸ்டெபோவேல ஆடின?"

"ஆடினதே இல்லண்ணே."

"மாமனார் ஊரா?"

"ஒரிஸ்யா லிவிவ்காரி. கல்யாணத்துக்கு வந்து மூணு தட்டு வரெனிகி கொழுக்கட்டை சாப்பிட்டீங்களே, மறந்துபோச்சா?"

"அப்புறம் எதுக்கு அந்த மரியாதை?"

போன் அதிர்ந்தது. மனைவி ஒரிஸ்யாதான். லுக்யான் அதைக் கவிழ்த்து வைத்தான்.

ஸெனோவிக்கு மனசு கேட்கவில்லை. முப்பத்து நாலு வயது ஸ்ட்ரைக்கர். அடுத்த சீசனுக்கு நீ வேண்டாம் என்று பயிற்சியாளர் போன மாசமே முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இனி எந்தக் கிளப் எடுக்கும்?

"கவலைய விடுடா. இந்தக் கோலப் பாத்துட்டு எவனாவது கூப்பிடுவான்."

"ஒரு கிளப் ஏற்கெனவே கூப்பிட்டுச்சுண்ணே. போன வாரமே கையெழுத்து போட்டாச்சு."

"அடப்பாவி! எங்கிட்டகூடச் சொல்லலையே!"

"இந்த ஆட்டம் முடியற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னுட்டாங்க."

"எந்தக் கிளப்புடா?"

"ஸ்டெபோவெ."

ஸெனோவி கடகடவென்று சிரித்துவிட்டார். "அதானா சங்கதி! வரப்போற முதலாளிக்கு இப்பவே மரியாதையா! சரி விடு, கீழ் லீக்னா என்ன, ஆட்டம் ஆட்டம்தானே?"

லுக்யான் நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது.

"அவங்க பிரீமியர் லீக்ல நின்னாத்தான் என் ஒப்பந்தம் செல்லும்ணே."